நாலாம் பிறையைப் பாருங்கள்

மூன்றாம் பிறையைத் தேடிப் பிடித்துக் கும்பிடுகிற வழக்கம் நம்முடையது. பிறை தொழுவது சங்கப் பாடல்களிலேயே வந்துவிட்டது. ஆனால் மறுநாள் வரும் பிறைக்கு ஒரு பாவமும் அறியாமல் கெட்ட பெயர். ‘நாலாம் பிறை பார்த்தால் நாய் படும் பாடு’ என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். பிள்ளையாரைப் பார்த்துச் சந்திரன் சிரித்தான், சாபம் வாங்கினான் என்ற கதை அதற்குப் பின்னால் இருக்கிறது. அந்தக் கதை மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும், வீட்டில் ஒரு சின்னத் தொலைநோக்கி இருந்து, மாதத்தில் ஒரே ஒரு மாலையைத்தான் அதற்கு ஒதுக்க முடியும் என்று யாராவது சொன்னால், நான் கைகாட்டுவது அந்த நாலாம் பிறையைத்தான்.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் என்னிடம் இருப்பது 70 மில்லிமீட்டர் வில்லை வைத்த, முக்காலியில் நிற்கும் எளிய தொலைநோக்கி. ஒரு மாசி மாத மாலையில் அதைப் பிறைக்குத் திருப்பி வைத்திருந்தபோது, வடகம் எடுக்க மாடிக்கு வந்த பக்கத்து வீட்டு ஆச்சியைக் கூப்பிட்டேன்.

“நாலாம் பிறையப் பாக்கக் கூடாதும்பாவ. நீ என்னடான்னா கூப்ட்டு வச்சுக் காட்டுத” என்றார். ஆனாலும் வந்து குனிந்தார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு கண்ணை எடுக்காமலே சொன்னார்: “ஏ யய்யா, அம்மி கொத்தி வச்ச மாதிரில்லா இருக்கு!”

நிலாவின் கிண்ணக்குழிகளுக்கு இதைவிடச் சரியான உவமையை நான் படித்ததில்லை. உவமை மட்டுமில்லை, விளக்கமும் அதற்குள்ளேயே இருக்கிறது. புதிதாகக் கொத்திய அம்மியை உச்சி வெயிலில் பார்த்தால் வெறும் சாம்பல் நிறக் கல். அதையே காலை வெயிலில், ஒளி பக்கவாட்டில் விழும்போது பார்த்தால், உளி பட்ட ஒவ்வொரு குழியும் ஒரு பக்கம் நிழலும் மறுபக்கம் வெளிச்சமுமாக எழுந்து நிற்கும். கல் அதேதான். வெயிலின் சாய்வு மட்டும்தான் வேறு.

தொலைநோக்கி வாங்குகிற எல்லோரும் முதலில் செய்கிற தவறு, பௌர்ணமிக்குக் காத்திருப்பது. பௌர்ணமியன்று சூரியன் நமக்கு முதுகுப் பக்கம் நின்று நிலாவின் முகத்தில் நேராக வெளிச்சம் அடிக்கிறது. நாம் பார்க்கும் பக்கத்தின் நடுவில் அப்போது நட்ட நடுப் பகல். நிழல் என்பதே தெரியாது. தொலைநோக்கியில் கண் கூசும் ஒரு வெள்ளைத் தட்டும் அதில் சில கறைகளும் தெரியும், அவ்வளவுதான். ‘இதற்கா இவ்வளவு காசு’ என்று அலுத்துப்போய் பரணில் ஏற்றிவிட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களைப் பிறையிலிருந்து தொடங்கச் சொல்லாதவர்கள் மீதுதான் எனக்கு வருத்தம்.

பிறையில் பார்க்க வேண்டிய இடம் அதன் உள்வளைவு. வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் அந்தக் கோட்டை விடியல் கோடு என்று சொல்லலாம். வளர்பிறையில் அந்தக் கோட்டில் நிற்கும் ஒருவருக்குச் சூரியன் அப்போதுதான் தலை காட்டும். நிலாவில் ஒரு பகல் நம் கணக்கில் ஏறத்தாழ இரண்டு வாரம் என்பதால் அந்த விடியல் மிக மெதுவாக நடக்கிறது. நிலாவின் நடுக்கோட்டில் விடியல் நகரும் வேகம் மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர். சைக்கிளில் நிதானமாக மிதித்தால் அதோடு கூடவே போய்விடலாம். அங்கே காற்று இல்லாததால் வானம் வெளுப்பதோ செம்மை படர்வதோ கிடையாது. நிழல் என்றால் மை போன்ற கறுப்பு. சூரியன் ஒரு டிகிரி உயரத்தில் இருக்கும்போது, தரை வளைவே இல்லாமல் தட்டையாக இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு கிலோமீட்டர் உயரமுள்ள குன்று 57 கிலோமீட்டர் நீளத்துக்கு நிழல் போடும். நாம் மாடியில் இருந்து பார்த்து மலைத்துப்போவது பெரும்பாலும் இந்த நிழல்களைத்தான். நிலாவின் மலைகள் உண்மையில் அவ்வளவு செங்குத்தானவை இல்லை. நிழல்தான் அவற்றை அப்படிக் காட்டுகிறது.

கோட்டுக்கு இருட்டுப் பக்கத்தில் சில சமயம் தனித்தனியாக ஒளிப் புள்ளிகள் தெரியும். முதல் முறை பார்ப்பவர்கள் வில்லையில் தூசி என்று நினைத்துத் துடைக்கப் போவார்கள். கோயில் ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். விடிகாலையில் மாட வீதி இன்னும் இருட்டாக இருக்கும்போதே, ராஜகோபுரத்துக் கலசத்தில் வெயில் விழுந்துவிடும். பிறகு மெல்ல மெல்ல நிலை நிலையாக இறங்கி வரும். நிலாவின் இருட்டில் மினுங்கும் அந்தப் புள்ளிகள் மலை உச்சிகள். அடிவாரத்துக்கு விடிய இன்னும் பல மணி நேரம் இருக்கிறது. ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தால் புள்ளி கொஞ்சம் பெருத்திருக்கும். பக்கத்தில் இன்னொன்று முளைத்திருக்கும். அதே மாலையில், அதே மாடியில் இருந்து, வேறோர் உலகத்தில் பொழுது விடிவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இந்தப் புள்ளிகளை வைத்துத்தான் கலிலியோ வானத்தைப் பற்றிய அன்றைய எண்ணத்தையே புரட்டினார். 1609 நவம்பர் கடைசியில், பதுவா நகரில், தானே தேய்த்துச் செய்த தொலைநோக்கியை நிலாவுக்குத் திருப்பினார். அது சுமார் 20 மடங்கு பெரிதாக்கிக் காட்டியது. மறு ஆண்டு மார்ச்சில் வெளியான அவருடைய சிறு நூலில் நிலாவைப் பற்றிய விவரிப்பு எதிலிருந்து தொடங்குகிறது தெரியுமா? அமாவாசை கழிந்து நாலாவது அல்லது ஐந்தாவது நாள் நிலாவிலிருந்து. ஆமாம், நாலாம் பிறை! வழவழப்பான பளிங்கு உருண்டை என்று அறிஞர்கள் நம்பிக்கொண்டிருந்த நிலாவில், விடியல் கோடு நேராக ஓடாமல் நெளிந்தும் உடைந்தும் போவதை அவர் பார்த்தார். நிலாவின் குழிகள் அவருக்கு மயில் தோகையின் கண்களை நினைவூட்டின. எனக்கு ஆச்சியின் அம்மிதான் இன்னும் பொருத்தமாகப் படுகிறது.

அதே 1609-ல், கலிலியோவுக்குச் சில மாதங்கள் முன்னதாகவே, லண்டன் அருகே தாமஸ் ஹாரியட் என்ற ஆங்கிலேயர் ஆறு மடங்கு தொலைநோக்கியில் ஐந்து நாள் நிலாவைப் பார்த்து வரைந்திருக்கிறார். அவருடைய படத்திலும் கோடு நெளிகிறது, கறைகள் இருக்கின்றன. ஆனால் அவை மலைகள் என்று அவருக்குத் தோன்றவில்லை. கலிலியோவின் நூல் வந்த பிறகு அவர் வரைந்த படங்களில்தான் குழிகள் குழிகளாக வருகின்றன. கலிலியோவுக்கு ஓவியப் பயிற்சி உண்டு. வெளிச்சமும் நிழலும் ஒரு பொருளின் மேடு பள்ளத்தை எப்படிக் காட்டும் என்பது அவர் கைக்குப் பழக்கமான விஷயம். கண்ணில் பட்டதைப் பொருளாக்கிக்கொள்ள அந்தப் பழக்கம் உதவியது.

அவர் அத்தோடு நிற்கவில்லை. மலையின் உயரத்தையும் கணக்கிட்டார். பத்தாம் வகுப்பில் பிதாகரஸ் தேற்றம் படித்த எவரும் அதைச் செய்யலாம். விடியல் கோட்டிலிருந்து இருட்டுக்குள் எவ்வளவு தூரத்தில் ஒளிப்புள்ளி தெரிகிறது என்று பார்த்தார். நிலாவின் விட்டத்தில் இருபதில் ஒரு பங்கு தூரத்தில்கூடச் சில புள்ளிகள் தெரிந்தன. அன்றைய இத்தாலிய மைல் கணக்கில் நிலாவின் விட்டம் 2000 மைல், ஆரம் 1000 மைல் என்று வைத்துக்கொண்டார். அப்படியானால் புள்ளி இருக்கும் தூரம் 100 மைல். சூரியக் கதிர் விடியல் கோட்டில் நிலாவைத் தொட்டும் தொடாமலும் உரசிக்கொண்டு போய் மலை உச்சியில் படுகிறது. அங்கே ஒரு செங்கோண முக்கோணம் கிடைக்கிறது. ஒரு பக்கம் 1000, இன்னொரு பக்கம் 100. இரண்டின் வர்க்கத்தையும் கூட்டினால் 10,10,000. அதன் வர்க்கமூலம் 1005-க்கு ஒரு மயிரிழை குறைவு. நிலாவின் மையத்திலிருந்து உச்சி வரை உள்ள தூரம் அது. ஆரத்தைக் கழித்தால் மலையின் உயரம் நாலு மைலுக்கும் அதிகம். அரை நிலாவன்று இந்தக் கணக்கு நேராகப் பொருந்தும். பிறைக்கு, நாம் அந்த இடத்தைச் சாய்வாகப் பார்ப்பதால், கொஞ்சம் திருத்தம் செய்ய வேண்டும்.

இன்றைய அளவீட்டில் நிலாவின் அப்பென்னைன் மலைத்தொடரில் உள்ள ஹைகன்ஸ் சிகரம் சுமார் ஐந்தரை கிலோமீட்டர். கலிலியோ கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் ஒரு காகிதமும் ஒரு முக்கோணமும் வைத்துக்கொண்டு, கால் வைக்க முடியாத மலையின் உயரத்தை இந்த அளவு நெருங்கியது சின்னக் காரியமா? ஒன்பது, பத்தாம் வகுப்புக் கணித ஆசிரியர்கள் இந்தத் தேற்றத்தை நடத்தும்போது சுவரில் சாய்த்த ஏணியைச் சொல்கிறார்கள். இந்த நிலா மலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

இனி மாடிக்கு வருவோம். பிறையின் இரண்டு முனைகளையும் தமிழில் கோடு என்பார்கள். வடகோடு, தென்கோடு. ஐரோப்பியப் படப் புத்தகங்களில் பிறை நிமிர்ந்து நிற்கும். நாம் பூமியின் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால், நம் மாலை வானத்தில் அது தோணி போலக் கிடக்கும், முக்கியமாகத் தை முதல் பங்குனி வரை. மேற்கு நோக்கி நின்றால் வலக்கைப் பக்கம் வடகோடு, இடக்கைப் பக்கம் தென்கோடு. வெளிச்சமான அடிவளைவு மறைந்த சூரியனைப் பார்த்து இருக்கும். கண்ணாடி வைத்து ஒளியைத் திருப்பும் வில்லைத் தொலைநோக்கியில் இடம் வலமாக மாறித் தெரியும். ஆடி வைத்த தொலைநோக்கியில் எல்லாம் தலைகீழ். முதல் நாள் இது குழப்பும். இரண்டாம் நாள் பழகிவிடும்.

முதலில் கண்ணைப் பிடிப்பது வடகோட்டுப் பக்கம் உள்ள ஒரு கரிய முட்டை வடிவம். மாரே கிரைசியம், அதாவது நெருக்கடிக் கடல். பெயர்தான் கடல். பண்டைக் காலத்தில் ஏதோ ஒரு பெரும்பாறை மோதியதால் உண்டான பள்ளத்தை எரிமலைக் குழம்பு நிரப்பி இறுகிய சமவெளி அது. வெறும் கண்ணுக்கும் தொலைநோக்கிக்கும் அது வடக்கு தெற்காக நீண்டது போலத் தெரியும். உண்மையில் அது கிழக்கு மேற்காகத்தான் நீளம், சுமார் 550 கிலோமீட்டர். சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குப் பறவை பறக்கும் தூரம். உருண்டையின் விளிம்பில் இருப்பதால் அந்த நீளம் நம் பார்வையில் ஒடுங்கிப்போகிறது. ஒரு பந்தின் ஓரத்தில் ஒட்டிய பொட்டு எப்படித் தெரியுமோ அப்படி. நிலா தட்டு இல்லை, உருண்டை என்பதைக் கண் உணர்ந்துகொள்வது இந்த இடத்தில்தான்.

நெருக்கடிக் கடலிலிருந்து விளிம்பை ஒட்டித் தென்கோட்டை நோக்கி மெதுவாக இறங்கினால் நான்கு பெரிய கிண்ணக்குழிகள் வரிசையாக நிற்கும். லாங்ரீனஸ், வெண்டலினஸ், பெடாவியஸ், ஃபர்னீரியஸ். மூன்றாம் நாலாம் பிறைகளுக்கென்றே அமைந்த வரிசை இது. பௌர்ணமியன்று இதே இடத்தில் இவற்றைத் தேட வேண்டியிருக்கும்.

லாங்ரீனஸின் குறுக்களவு 132 கிலோமீட்டர். மதுரையில் ஏறித் திருச்சியில் இறங்குகிற தூரம் ஒரே குழிக்குள். அதன் உள்சுவர் குளத்துப் படித்துறை போல அடுக்கடுக்காக இறங்கும். நடுவில் மலைகள். 1968 டிசம்பரில் அப்போலோ 8 கலத்தில் நிலாவைச் சுற்றிய ஜிம் லவல், இந்தப் படிகள் ஆறேழு இருக்கும் என்று மேலிருந்து பார்த்துச் சொன்னார். குழிக்குப் பெயர் வந்த கதையும் சுவையானது. 1645-ல் நிலாவுக்குப் பெயர்களோடு வரைபடம் போட்ட வான் லாங்ரென், இதற்குத் தன் பெயரையே வைத்துக்கொண்டார். அவர் மற்ற இடங்களுக்கு வைத்த பெயர்கள் பெரும்பாலும் நிலைக்கவில்லை. இது நிலைத்துவிட்டது.

வெண்டலினஸ் பழுத்த கிழம். சுவர் சிதைந்து, மேலே வேறு குழிகள் விழுந்து, சூரியன் கொஞ்சம் உயர்ந்ததும் மறைந்துவிடும். அதைக் கடந்து பெடாவியஸுக்கு வந்தால் அங்கே நிதானமாக நிற்க வேண்டும். சுமார் 180 கிலோமீட்டர் அகலமுள்ள அந்தக் குழியின் நடுமலையிலிருந்து தென்மேற்குச் சுவர் வரை, பேனாவால் கோடு இழுத்தது போல ஒரு பிளவு ஓடுகிறது. பொங்கி வந்த குழம்பு கீழிருந்து தரையை மேலே தள்ள, அடுப்பில் வெந்த பணியாரத்தின் முகடு வெடிப்பது போலத் தரை வெடித்த தழும்பு அது. 70 மில்லிமீட்டர் தொலைநோக்கியில், காற்று அமைதியாக இருக்கிற ஒரு நொடியில், அந்தக் கோடு ‘சட்’டென்று தெளிந்து தெரிந்து மறையும். அந்த நொடிக்காக நான் பத்து நிமிடம் அசையாமல் குனிந்து நின்றிருக்கிறேன். முதுகு வலித்தாலும் பரவாயில்லை.

நாலாம் பிறை முற்றி ஐந்தை நெருங்கும்போது இன்னும் சில வெளிச்சத்துக்கு வரும். வளமைக் கடல் என்ற சமவெளியில் மெஸ்ஸியே என்றும் மெஸ்ஸியே ஏ என்றும் இரண்டு சின்னக் குழிகள் ஒட்டி நிற்கும். அவற்றில் ஒன்றிலிருந்து இரண்டு வெள்ளைக் கோடுகள் வால்நட்சத்திரத்தின் வால் போல நீளும். குளத்தில் ஓட்டாஞ்சில்லைத் தாழ்வாக விட்டெறிந்தால் தத்திப் போகுமே, அதுபோல மிகத் தாழ்வான கோணத்தில் வந்து உரசிய கல் ஒன்றின் வேலை அது என்று அறிவியலாளர்கள் கருதுகிறார்கள். அடுத்து அமைதிக் கடலின் கிழக்கில், குழம்பில் பாதி மூழ்கிப்போய் வளைந்த வரப்பு மாதிரி மிஞ்சி நிற்கும் ஒரு குழி, சுமார் 22 கிலோமீட்டர். அதன் பெயர் ஆரியபட்டா. நிலாவுக்குச் சொந்த ஒளி இல்லை, சூரிய ஒளியால்தான் அது தெரிகிறது என்று கி.பி. 499-ல் எழுதிய அதே ஆரியபட்டரின் பெயர். சின்னத் தொலைநோக்கிக்கு அது கொஞ்சம் சிரமம்தான். ஆனாலும் முயன்று பார்க்கத் தகுந்தது.

விடியல் கோட்டுக்கு வேறொரு முக்கியத்துவமும் உண்டு. 1969 ஜூலை 20-ல் ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் அமைதிக் கடலில் இறங்கியபோது, பூமியிலிருந்து பார்த்தவர்களுக்கு வானில் இருந்தது ஆறு நாள் பிறை. இறங்குமிடத்தில் அப்போது காலை. சூரியன் பத்துப் பதினொரு டிகிரி உயரத்தில் இருந்தது. சாய்வெயிலில் பாறையும் குழியும் நிழல் போட்டு எச்சரிக்கும், உச்சி வெயிலில் தரை தட்டையாகத் தெரிந்து ஏமாற்றும் என்பதால் வேண்டுமென்றே அப்படித் திட்டமிட்டார்கள். ஆச்சியின் அம்மிக் கணக்குதான்.

2023 ஆகஸ்ட் 23 மாலை சந்திரயான் 3 இறங்கியபோதும் அப்படியே. அன்று வானில் அரை நிலாவுக்கு ஒரு நாள் முந்திய தடித்த பிறை. தென்கோட்டுப் பக்கம், 69 டிகிரி தெற்கில், அங்கே விடிந்த கையோடு அதன் இறங்கு கலமான விக்ரம் தரை தொட்டது. கலத்தின் மின்தகடுகளுக்கு ஒரு முழு நிலாப் பகல், அதாவது நமக்கு 14 நாள், கிடைக்க வேண்டும் என்பது கணக்கு. அந்தத் திட்டத்தின் இயக்குநர் விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல். அதற்கு முன் 2019-ல் அதே வட்டாரத்தில் விழுந்து நொறுங்கிய சந்திரயான் 2-ன் விக்ரமுடைய சிதறலை, நாசாவின் சுற்றுக்கலம் எடுத்த முன் பின் படங்களை ஒப்பிட்டு முதலில் அடையாளம் காட்டியவர் சென்னைப் பொறியாளர் சண்முக சுப்பிரமணியன். பொறுமையாகப் பார்க்கத் தெரிந்த ஒருவருக்கு நிலா இன்னும் எதையாவது தரக் காத்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இன்னும் அண்மையில் நடந்தது ஒன்று. 2025 மார்ச் 2 அன்று ப்ளூ கோஸ்ட் என்ற அமெரிக்கத் தனியார் கலம் நெருக்கடிக் கடலில் இறங்கியது. இந்தியாவில் ரமலான் முதல் நோன்பும் அன்றுதான். நோன்பு திறந்துவிட்டு அன்று மாலை மேற்கே பார்த்தவர்கள் கண்ட மெல்லிய பிறையின் உள்வளைவில், சரியாக அந்த விடியல் கோட்டில், சில மணி நேரத்துக்கு முன் இறங்கிய அந்தக் கலம் வேலையைத் தொடங்கியிருந்தது.

பிறையின் வெளிச்சப் பகுதியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். மீதி நிலாவும் மங்கலாகத் தெரியுமே, கவனித்திருக்கிறீர்களா? தோணிக்குள் ஒரு சாம்பல் நிற உருண்டை வைத்தது போல? வெயில் படாத இடம் எப்படித் தெரிகிறது என்பதற்கு முதலில் சரியான விடை எழுதி வைத்தவர் லியோனார்டோ டா வின்சி, 1500-களின் தொடக்கத்தில், தன் குறிப்பேட்டில். அது பூமியின் வெளிச்சம். நமக்கு நிலா பிறையாக இருக்கும்போது, நிலாவில் நிற்பவருக்குப் பூமி கிட்டத்தட்ட பௌர்ணமி. அந்தப் பூமி நம் முழுநிலாவைப் போலப் பதின்மூன்று மடங்கு பரப்புள்ளது. மேகமும் பனியும் இருப்பதால் ஒளியையும் அதிகமாகத் திருப்பி அனுப்புகிறது. ஆகவே நிலாவின் இரவுக்கு நாம் கொடுக்கும் வெளிச்சம், நம் இரவுக்கு முழுநிலா கொடுப்பதைப் போல முப்பது நாற்பது மடங்கு.

அதில் எனக்குப் பிடித்த விவரம் ஒன்று உண்டு. நாம் மாலையில் மேற்கே பிறையைப் பார்க்கும் நேரத்தில் நம் ஊர் இருட்டத் தொடங்கிவிடுகிறது. நிலாவுக்கு அப்போது நேராக இருப்பது நமக்கு மேற்கே இன்னும் பகலாக உள்ள பூமி. அரபிக் கடலுக்கு அப்பால் ஆப்பிரிக்கா, சகாராவின் மணல், அட்லாண்டிக் மீது திரண்ட மேகம். பாளையங்கோட்டை மாடியில் இருந்து நான் பார்க்கும் அந்தச் சாம்பல் ஒளி, ஆப்பிரிக்காவின் பகல் வெளிச்சம் நிலாவில் பட்டுத் திரும்பி வந்தது. போக ஒன்றேகால் நொடிக்குச் சற்று அதிகம், வர அதே அளவு.

இந்த ஒளியை அளந்தால் பூமி எவ்வளவு வெயிலைத் திருப்பி அனுப்புகிறது என்று தெரியும். 1920-களில் ஆந்த்ரே டான்ஜோன் என்ற பிரெஞ்சு வானியலாளர் அந்த வழியைத் தொடங்கிவைத்தார். கலிஃபோர்னியாவின் பிக் பேர் ஆய்வகத்தில் 1998 முதல் 2017 வரை அப்படி அளந்து பார்த்ததில், பூமி திருப்பி அனுப்பும் ஒளி சுமார் அரை சதவீதம் குறைந்திருப்பது தெரிந்தது. ஒவ்வொரு சதுர மீட்டரும் ஏறக்குறைய அரை வாட் அளவுக்குக் கூடுதல் வெப்பத்தை வைத்துக்கொள்கிறது என்று பொருள். புவி சூடாவதைப் பற்றிய ஒரு முக்கியமான செய்தி பிறையின் இருண்ட பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

தொலைநோக்கியில் அந்த ஒளியைப் பார்க்க ஒரு வழி உண்டு. வெளிச்சமான பிறையைப் பார்வைக்கு வெளியே தள்ளிவிட்டு, இருட்டுப் பகுதியை மட்டும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். கண் பழகியதும் கடல்கள் மங்கலாகத் துலங்கும். எதிர் ஓரத்தை நெருங்கி ஒரு வெண்புள்ளி தனியாகத் தெரிந்தால் அது அரிஸ்டார்க்கஸ், 40 கிலோமீட்டர் அகலமுள்ள வெளிர்நிறக் குழி. யுரேனஸைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷல் 1787-ல் நிலாவின் இருட்டில் எரிமலைகள் கனல்வதாக அறிவித்தார். பூமியொளியில் மின்னிய இந்தக் குழியைத்தான் அவர் அப்படி எண்ணியிருக்க வேண்டும். அவ்வளவு பெரிய மனிதரையே நம்ப வைத்த பளபளப்பு அது.

கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 60, 70 மில்லிமீட்டர் வில்லையே போதும். குவியத் தூரம் 700 மில்லிமீட்டர் என்றால், கண் வைத்துப் பார்க்கும் வில்லையான ஐபீஸ் 25 மில்லிமீட்டராக இருந்தால் 28 மடங்கும், 10 மில்லிமீட்டர் ஐபீஸ் 70 மடங்கும் காட்டும். முதலில் 28-ல் முழு நிலாவையும் பிடித்து, பிறகு 70-க்குப் போங்கள். பெட்டி மேல் 500 மடங்கு என்று அச்சடித்திருந்தால் நம்ப வேண்டாம். வில்லையின் மில்லிமீட்டரைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போனால் கலங்கல்தான் பெரிதாகும். நான் முதலில் வாங்கிய தொலைநோக்கி அப்படி ஏமாற்றியதுதான். முக்காலி தொட்டாலே ஆடியது. செங்கல்லை ஒரு பையில் போட்டு முக்காலியின் நடுவில் கட்டித் தொங்கவிட்ட பிறகுதான் நிலா நின்றது. அந்த வித்தை இன்றைக்கும் கைகொடுக்கிறது. பூமி சுழல்வதால் 70 மடங்கில் நிலா இரண்டு மூன்று நிமிடத்தில் பார்வையை விட்டு நகர்ந்துவிடும். நகர்த்தி நகர்த்திப் பார்க்க வேண்டியதுதான்.

நம் ஊர் மொட்டை மாடியில் பெரிய எதிரி, பகலெல்லாம் குடித்த வெயிலை மாலையில் கக்கும் தளம். அந்தச் சூடு மேலே எழும்போது நிலா ஓடுகிற தண்ணீருக்கு அடியில் கிடப்பது போல நெளியும். தளத்தில் இரண்டு வாளித் தண்ணீர் தெளித்து விடுங்கள். முடிந்தால் மண் தரையில் வையுங்கள். தொலைநோக்கியையும் அரை மணி நேரம் முன்பே வெளியே வைத்துவிட்டால் அது வெளிக்காற்றின் சூட்டுக்கு வந்துவிடும். பிறைக்கு நிலா வடிகட்டி எதுவும் தேவையில்லை.

ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது. சூரியன் முழுதாக மறையும் முன் தொலைநோக்கியை மேற்குப் பக்கம் திருப்பக் கூடாது. பிறை சூரியனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தேடும்போது தவறிப்போய் ஒரு கணம் சூரியன் வில்லைக்குள் வந்தாலும் கண் போய்விடும். பிள்ளைகள் கையில் கொடுக்கும்போது கூடவே நில்லுங்கள்.

பிறை என்பது பூமியின் நிழல் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். அது தவறு என்று பிள்ளைகளுக்குப் புரியவைக்க ஒரு எலுமிச்சம்பழம் போதும். வெயில் இருக்கும்போதே நாலைந்து நாள் பிறை வானில் வெளிறித் தெரியும். பழத்தை நிலா இருக்கும் திசையில் கை நீட்டிப் பிடித்தால், பழத்தின் மேல் வெயில் விழும் வடிவமும் நிலாவின் வடிவமும் ஒன்றாக இருக்கும்.

அடுத்த அமாவாசையைக் காலண்டரில் பார்த்து வையுங்கள். அதிலிருந்து நாலாம் மாலை, சூரியன் மறைந்து இருபது நிமிடம் கழிந்து மேற்கே திரும்புங்கள். தொலைநோக்கி இருப்பவர்கள் தயவுசெய்து பரணில் இருந்து இறக்குங்கள். இல்லாதவர்கள் இருப்பவர்களிடம் கேளுங்கள். தெருப் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். நாலாம் பிறை மறைய ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். தெருவில் உள்ள எல்லோரும் ஆளுக்கு ஒரு தடவை பார்த்துவிட அந்த நேரம் போதும்.